கிழமைக் கட்டும் போகக் கணக்கும்: மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பங்களின் கடன்

1. கேள்வி

இலங்கையில் குடும்பக் கடன் பற்றிய பேச்சு பெரும்பாலும் வட்டிவீதத்திலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. 2018 செப்டெம்பரில் நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போயிருப்பதாகச் சொன்னார். தவணை வசூலிக்க வருகிறவர்கள் பெண்களை அவமதித்ததையும் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதையும் அவர் பதிவு செய்தார். செய்தித் தலைப்புகளில் நின்றது அந்த 220தான். அரசும் அதே ஆண்டில் வட்டியையே கட்டுப்படுத்தியது. நிதிக் கம்பனிகள் வழங்கும் நுண்கடனுக்கு ஆண்டுப் பயனுறு வட்டி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று எல்லை வகுத்தது. அதற்குப் பின்னும் கடன் சுமை இறங்கவில்லை. 2021 மார்ச்சில் பொலனறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வட்டிக்கு எல்லை போட்ட பிறகும் கடன் ஏன் கழுத்தை நெரித்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் களமாகக் கொண்டு அதற்கு விடை தேடுகிறேன். பணத்தின் விலையைவிடப் பணம் திரும்பிக் கேட்கப்படும் நாள்தான் இங்கே கூடுதலாகக் கொல்கிறது என்பது என் வாதம். வயலும் வாவியும் ஒரு காலக்கணக்கில் நடக்கின்றன, கடன் வேறொரு காலக்கணக்கில் நடக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வெளியைத்தான் குடும்பங்கள் மேலும் மேலும் கடன் வாங்கி அடைக்கின்றன.

2. வழக்கமான மூன்று விளக்கங்கள்

வங்கித்துறையினரும் பல அரச அலுவலர்களும் தரும் விளக்கம் நிதி அறிவுக் குறைபாடு. படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிடுகிறார்கள், ஒரே நேரத்தில் நாலு இடத்தில் எடுக்கிறார்கள், தொழிலுக்கென்று வாங்கிச் சாமத்தியச் சடங்குக்குச் செலவழிக்கிறார்கள் என்பார்கள். ஆகவே பயிற்சிப் பட்டறையே மருந்து. இந்த விளக்கத்தில் ஒரு முரண் உண்டு. நாலு கம்பனியின் தவணை நாட்களையும் தொகைகளையும் மனக்கணக்காக வைத்து, எந்தத் தவணையை எந்தக் கைமாற்றால் மறைப்பது என்று கிழமைதோறும் திட்டமிடும் பெண்ணிடம் கணக்கறிவு இல்லையென்று சொல்வது கடினம். அவளிடம் இல்லாதது வருமானம்.

மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் ஊடகங்களும் கொள்ளை வட்டியைக் காட்டுகிறார்கள். இது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஏன் பாதி என்பதைக் கீழே எண்களால் காட்டுகிறேன். மூன்றாவது விளக்கம் எல்லாவற்றையும் 2022 நெருக்கடியின் தலையில் போடுவது. அந்த ஆண்டு எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மட்டக்களப்பில் நெருப்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பற்றியிருந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கெடுப்பில் 2012/13இல் நாட்டின் வறுமை வீதம் 6.7, மட்டக்களப்பில் 19.4. 2016இல் நாட்டில் 4.1, மட்டக்களப்பில் 11.3. நாடு வளர்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களிலும் இந்த மாவட்டம் தேசிய சராசரியின் ஏறக்குறைய மூன்று மடங்கில் நின்றது.

3. வாவிக்கரையின் காலக்கணக்கு

வாவிக்குக் கிழக்கே கடலுக்கும் நீருக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் நெருங்கிக் கிடப்பதும், வங்கிக் கிளைகளும் ஆசுபத்திரிகளும் இருப்பதும் அங்கேதான். மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என விரியும் படுவான்கரை வயலும் குளமுமான நாடு. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீர் பாயும் இடங்களில் சிறுபோகமும் உண்டு. மற்ற வட்டைகள் மழையை நம்பி ஒரு போகமே காண்கின்றன. பெரும்போகம் ஐப்பசி மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் அறுவடையாகும். உழவு, விதைநெல், உரம், களைநாசினி என்று பணமெல்லாம் வெளியே போகும் மாதங்களும் பணம் உள்ளே வரும் மாதமும் ஒன்றுக்கொன்று நாலைந்து மாதம் தள்ளியிருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் அடைமழை, வெள்ளம், கூலி வேலை இல்லாத கார்த்திகை, மார்கழி. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம் முற்றிய கதிரையே அள்ளிக்கொண்டு போனது. வாவியில் தோணி விடுகிறவர்களுக்கு வருமானம் நாளாந்தம் வருகிறது, ஆனால் அதற்கும் பருவம் உண்டு. மழைநீர் பெருகி முகத்துவாரம் திறக்கும் காலத்து இறாலும், நீர் வற்றி உப்பேறிய காலத்து மீனும் ஒரே வருமானம் தருவதில்லை.

பழைய கடன் முறைகள் இந்தக் காலக்கணக்கை அறிந்திருந்தன. வயலுக்கு உரிய போடியாருக்கும் அந்த வயலைச் செய்யும் முல்லைக்காரருக்கும் இடையிலான உறவில், போடியார் விதைப்புக் காலத்தில் நெல்லும் செலவுக்குப் பணமும் கொடுத்து, சூடடித்த களத்தில் கழித்துக்கொள்வார். இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கழிக்கும் கணக்கு போடியாரின் கையில் இருந்தது, கடன் தீராத முல்லைக்காரர் அடுத்த போகமும் அவருக்கே கட்டுப்பட்டார், சாதியும் தாய்வழிக் குடியும் அந்தக் கட்டை இறுக்கின. நெல் வியாபாரியின் முற்பணத்திலும் மீன் முதலாளியின் முற்பணத்திலும் வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கிறது. விளைந்ததை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். சுரண்டல்தான். ஆயினும் விளையாத மாதத்தில் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

நகை அடகும் அப்படித்தான். விதைப்புக்குக் காப்பையோ கொடியையோ மக்கள் வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ வைத்து, நெல் விற்றதும் மீட்பது வாவிக்கரையின் மிகப் பழகிய நிதி நடைமுறை. இடையில் தவணை கிடையாது. மீட்க முடியாவிட்டால் நகை போகும், மானம் போகாது. அவசரத்துக்குக் கைமாற்று, பெருஞ்செலவுக்குச் சீட்டு, போகத்துக்கு அடகு என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு கால அளவு இருந்தது. நுண்கடன் இந்த வரிசையின் முதலில் வரவில்லை. சுனாமியிலும் இடப்பெயர்வுகளிலும் நகை கரைந்துபோன வீடுகளில்தான் அது முதலில் நுழைந்தது.

4. வாசலுக்கு வந்த கடன்

2004 டிசெம்பர் சுனாமி எழுவான்கரையை அழித்தது. 2006, 2007 போரில் வாகரையும் படுவான்கரையும் பெயர்ந்தன. 2007 நடுவில் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் ‘கிழக்கின் உதயம்’ என்ற பெயரில் அபிவிருத்தித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அதன் நிழலில் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களும் கிழக்கை நோக்கித் திரண்டன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது படுவான்கரையார் பாதை எனப்படும் கடவைப் படகை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் முடிந்தது. கடன் உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளுக்கும் அதே பாலம்தான். நிவாரணமும் மானியமும் தந்த தொண்டு நிறுவனங்கள் திட்டக்காலம் முடிந்து வெளியேற, அவை கூட்டிவைத்திருந்த பெண்கள் குழுக்கள் தயாராக இருந்தன. வரவுப் புத்தகமும் தலைவியும் செயலாளரும் உள்ள குழு கடன் நிறுவனத்துக்கு வாய்ப்பாக அமைந்தது.

இங்கே மட்டக்களப்புக்கே உரிய ஒரு சமூக அமைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் தாய்வழிக் குடி மரபு வலுவாக உள்ள பிரதேசம் இது. வீடு சீதனமாகப் பெண்ணுக்கு எழுதப்படுகிறது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார், அக்கா தங்கைகளின் வளவுகள் அடுத்தடுத்து அமைகின்றன. டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தன் நூலில் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வீடு பெண்ணுக்கு உரியது என்பது இவ்வூர்ப் பெண்களின் பலம் என்றே நாம் பேசிவந்திருக்கிறோம். குழுக்கடனில் அதே பலம் வேறுவிதமாகப் பயன்பட்டது என்று நான் வாசிக்கிறேன். வீடு அவளுடையது என்பதால் அவள் ஊரைவிட்டு எழும்ப மாட்டாள். பக்கத்து வளவில் இருப்பது சகோதரி என்பதால் குழுவின் பிணை வெளியாளின் பிணையல்ல, இரத்த உறவின் பிணை. ஒருத்தி கட்டத் தவறினால் அக்காவும் சின்னம்மாவின் மகளும் கட்ட வேண்டும், அதுவரை கூட்டம் கலையாது. படுவான்கரையில் பெருமளவு காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. வணிக வங்கி அதை லேசில் ஈடாக ஏற்பதில்லை. உறவை ஈடாக ஏற்கும் நிறுவனம் அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்தது.

முகமது யூனுஸ் 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சியின் வடிவமே இது: குழு, கிழமைக் கூட்டம், சிறு தவணை. கோழி முட்டையோ சில்லறைக் கடையோ போல நாளும் பணம் புரளும் தொழிலை மனதில் வைத்த அமைப்பு. அந்தத் தொழிலில் போட்ட பணம் வட்டியைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை அனுமானம். இலங்கையிலேயே இந்த அனுமானம் சோதிக்கப்பட்டிருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் சுனாமிக்குப் பின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் மிகச் சிறு தொழில்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியைக் குலுக்கல் முறையில் வழங்கிப் பல காலாண்டுகள் கணக்கெடுத்தார்கள். சராசரி இலாபம் மாதத்துக்கு 5 வீதத்தை ஒட்டி வந்தது. இதையே நுண்நிதி ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வாளர்கள் ஆண், பெண் தொழில்களைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த இலாபம் ஆண்கள் நடத்திய தொழில்களுக்கே உரியது என்றும், பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி இலாபம் பூச்சியத்தை ஒட்டியது என்றும் கண்டார்கள். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணத்துக்கே இந்த நிலை. நுண்கடனோ பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது. 2015இல் இந்தியாவின் ஹைதராபாத் ஆய்வு உட்பட ஆறு நாடுகளின் சோதனை ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தபோதும், நுண்கடன் குடும்ப வருமானத்தை மாற்றிவிட்டதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

5. வட்டியின் கணக்கும் தவணையின் கணக்கும்

ஓர் உதாரணக் கடனை எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபா, ஆண்டுக்கு 25 வீத நிலையான வட்டி, 52 கிழமைத் தவணை. திருப்பிக் கட்டும் தொகை 62,500. கிழமைக்கு ஏறக்குறைய 1,202 ரூபா. வாங்குகிறவருக்கு இது 25 வீதமாகவே தெரியும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போக, வட்டி மட்டும் முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், குறைந்துசெல்லும் நிலுவையில் பார்த்தால் ஆண்டுப் பயனுறு வட்டி 57 வீதத்தைத் தாண்டும். ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் இதற்கு மேலே. இந்த மறைப்பை அம்பலப்படுத்தியதில் செயற்பாட்டாளர்களின் பணி பெரியது.

இப்போது அதே கடனை 35 வீத எல்லைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். தவணை ஏறக்குறைய 1,116 ரூபாவாகிறது. கிழமைக்கு 86 ரூபா குறைவு. வட்டியே இல்லாமல் கொடுத்தால்கூடக் கிழமைக்கு 962 ரூபா கட்ட வேண்டும். அதாவது கிழமைச் சுமையின் பெரும்பகுதி வட்டியிலிருந்து வரவில்லை, 52 கிழமையில் முதலைத் திருப்பிக் கேட்பதிலிருந்து வருகிறது. ஐப்பசியில் விதைப்புக்கென்று முதலில் சொன்ன 25 வீதக் கடனை எடுத்தவர் அறுவடைக்கு முந்திய 18 கிழமைகளில் ஏறக்குறைய 21,600 ரூபாவைக் கட்டி முடித்திருப்பார். வயலில் போட 50,000 கிடைத்ததாகப் பத்திரம் சொல்கிறது. உண்மையில் அந்தப் போகத்துக்கு மிஞ்சியது அதில் அரைப் பங்குக்குச் சற்றே கூட. மீதி, தவணை கட்டவே வைத்திருக்க வேண்டிய பணம். வைத்திருக்காதவர் இரண்டாவது கம்பனியிடம் போகிறார், இரண்டாவதின் தவணைக்கு மூன்றாவது. சூழ்ச்சி எதுவும் தேவையில்லை, நாட்காட்டியே போதும்.

வட்டி முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒரு கடனை மற்றொரு கடனால் உருட்டும்போது முந்திய வட்டி பிந்திய முதலாகிறது. உருட்டல் நீளநீள வட்டிவீதம்தான் சுமையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. உருட்டலைத் தொடக்கிவைப்பது தவணைக் காலம், அதைப் பூதாகரமாக்குவது வட்டி. 2018இன் கொள்கை இரண்டாவதை மட்டும் தொட்டது.

அதே ஆண்டில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்த நிவாரணத்திலும் இந்தக் குருட்டுப்புள்ளி இருக்கிறது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்கள், மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியிருந்தால் தள்ளுபடி செய்யப்பட்டன. தவறியவர்களுக்கு அது உயிர்மூச்சு. ஆனால் நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு வாங்கியோ கடைசித் தோட்டை அடகு வைத்தோ கம்பனித் தவணையைத் தவறாமல் கட்டியவர் இந்த வரையறைப்படி சிரமத்தில் இல்லாதவர். கம்பனிப் புத்தகத்தில் அவர் நல்ல கடனாளி. எந்தப் புத்தகத்திலும் ஏறாத கடன் அவரிடம் அப்படியே கிடந்தது.

6. செலவு ஏறிய ஆண்டுகள்

2020இல் கொரோனாவுக்காக அறிவிக்கப்பட்ட கடன் நிறுத்தம் தவணையை நிறுத்தியது, வட்டியை நிறுத்தவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டுப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 சிறுபோகத்துக்கு இந்தியக் கடன் வசதியில் வந்த யூரியாவை அரசு 50 கிலோ மூடை 10,000 ரூபாவுக்கு விற்றது. அதற்குச் சில காலம் முன்புதான் நெற்செய்கையாளர் உரத்தை இலவசமாகப் பெற்றிருந்தார்கள். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது, ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டப்போவதில்லை என்று அறிவித்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. வாவியில் இரவு மீன்பிடிக்கு விளக்கும் கடலில் இயந்திரப் படகும் அதை நம்பியிருந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

மின்கட்டணத்தில் இந்த ஏற்றம் துல்லியமாகத் தெரிகிறது. மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீடு 2022 நடுப்பகுதி வரை நிலையான கட்டணத்தையும் சேர்த்து 105 ரூபா கட்டியது. 2022 ஆகஸ்டில் அது 360 ஆனது, 2023 பெப்ரவரியில் 1,300. அவ்வாண்டு ஜூலையில் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஒரு பல்பும் ஒரு மின்விசிறியும் உள்ள வீடு ஒரு கிழமைத் தவணையைவிடக் கூடுதலாக மின்சார சபைக்குக் கட்டியது. மிகக் குறைவாகப் பாவிப்பவருக்கே மிகக் கூடிய மடங்கில் கட்டணம் உயர்ந்தது.

இக்காலத்தில் கடனின் இயல்பே மாறியது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய நெருக்கடிக் கணக்கெடுப்பு, நாட்டின் 60 வீதமான குடும்பங்களின் மாத வருமானம் குறைந்ததையும், 91 வீதமானவற்றின் செலவு கூடியதையும், 22 வீதமானவை நெருக்கடி காரணமாகவே கடனில் விழுந்ததையும் கண்டது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. முன்பு உழவுக்கும் வலைக்கும் வாங்கிய கடன் இப்போது அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் வாங்கப்படுகிறது. உழவுக் கடனுக்கு எதிரே குறைந்தபட்சம் ஓர் அறுவடை இருந்தது. சோற்றுக்கு வாங்கிய கடனுக்கு எதிரே எந்த அறுவடையும் இல்லை. காலக்கணக்கின் பிளவு முன்பு ஒரு போகத்தின் நீளம். இப்போது அதற்கு மறுகரையே கிடையாது. வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடாவுக்குப் போவது ஏறாவூரிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் புதிதல்ல. ஆனால் பழைய தவணைகளை முடிப்பதற்காகவே ஒருத்தி விமானம் ஏறும்போது, அந்தப் பயணச் செலவும் இன்னொரு கடனாகிறது.

2023 ஜூலையில் சமுர்த்தி நலத்திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும தொடங்கியது. ‘ஏழை’ என்று வகைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அப்போது மாதம் 8,500 ரூபா. மேலே சொன்ன உதாரணக் கடன் இரண்டு இருக்கும் வீட்டில் நான்கு கிழமைத் தவணை மட்டும் 9,616. அரசு ஒரு கையில் வைக்கும் பணம் மறு கையிலிருந்து அதே மாதம் கம்பனிக்குப் போய்விடும். சமூகப் பாதுகாப்பையும் கடன் ஒழுங்குபடுத்தலையும் வெவ்வேறு அமைச்சின் விடயங்களாகப் பார்ப்பதால் இந்தக் கணக்கு யாருடைய மேசைக்கும் வருவதில்லை.

7. எதிர்வாதங்கள்

நுண்கடன் இல்லாவிட்டால் இவர்கள் மீற்றர் வட்டிக்காரரிடம் போவார்கள் என்பதே மிக வலுவான எதிர்வாதம். வட்டிக்காரரைவிடக் கம்பனி மலிவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் களத்தில் இவ்விரண்டும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று நிற்பதில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குத் தவணை போதாதவர் திங்கள் இரவு போவது மீற்றர் வட்டிக்காரரிடம்தான். கிழமைக் கட்டின் கறார் அவருக்கு வாடிக்கையாளரை உண்டாக்குகிறது. மலிவான கடன் விலையுயர்ந்த கடனை விரட்டும் என்பது இரண்டின் தவணை முறையும் ஒன்றாக இருக்கும் சந்தைக்கே பொருந்தும்.

மிக உயர்ந்த மீள்கொடுப்பனவு வீதத்தைக் காட்டி, மக்களால் கட்ட முடிகிறது என்று சொல்வோரும் உண்டு. கட்டப்படுகிறது என்பது தெரிகிறது, எதிலிருந்து கட்டப்படுகிறது என்பதை அந்த வீதம் சொல்வதில்லை. சோற்றைக் குறைத்தும் நகையை விற்றும் சகோதரியிடம் வாங்கியும் கட்டியது எல்லாம் அதே வீதத்துக்குள் அடக்கம்.

கடன் தள்ளுபடி ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட நான் விரும்பவில்லை. 1977, 78இல் தாராளமாக வழங்கப்பட்ட பயிர்ச்செய்கைக் கடன்கள் பெருமளவில் திரும்பி வரவில்லை, அதன் பின் வங்கிகள் பல ஆண்டுகள் சிறு விவசாயியைத் திரும்பிப் பார்க்கத் தயங்கின. அந்தப் பாடம் உண்மையானது. ஆனால் அது ஏழையிடம் மட்டும் ஒப்புவிக்கப்படுகிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம்விடும் ‘பராட்டே’ அதிகாரம், தொழில் முயற்சியாளர்களின் கோரிக்கைக்கு இணங்க 2024இல் இடைநிறுத்தப்பட்டது. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் விலக்குப் பெற, சுமை தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியின் மேல் இறங்கியது. சொத்தை ஈடு வைத்தவருக்குக் காலம் நீட்டுவது பொருளாதார மீட்சி. உறவை ஈடு வைத்தவளுக்குக் காலம் நீட்டுவது ஒழுக்கக்கேடு. இந்த அளவுகோலை ஏற்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாற்றாக முன்வைக்கப்படும் கூட்டுறவும் தோற்றதுதானே என்பது கடைசிக் கேள்வி. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1934இல் போச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு கிராமியக் கடனை ஆராய்ந்தபோதும் கூட்டுறவு பேசப்பட்டது. அரசியல் தலையீட்டாலும் மோசடியாலும் பல சங்கங்கள் சீரழிந்தன. படுவான்கரையில் போர் அவற்றின் புத்தகங்களையே அழித்தது. கூட்டுறவு தன்னளவில் தூய்மையானது என்று நான் வாதிடவில்லை. அதன் பயன் வேறிடத்தில் உள்ளது. தவணை எப்போது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில், அதே குளத்து நீரை நம்பி விதைத்தவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். குளம் உடைத்த ஆண்டில் தவணையைத் தள்ளிப்போட அவர்களுக்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டியதில்லை.

8. சட்டம் பார்க்கும் ஆள்

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்பும் பெற்றுக் கடனும் கொடுக்கும் நிறுவனங்களையே குறிவைத்தது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். 2023இல் வெளியான நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் வலையை விரித்தது. ஆனால் மத்திய வங்கியின் கீழுள்ள வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஊரளவில் பெண்கள் தாங்களே நடத்தும் சேமிப்புக் குழுக்கள் பெரிய கம்பனிக்குரிய கட்டுப்பாடுகளில் சிக்கும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பதிவு, உரிமம், வட்டி, வசூலிப்போரின் நடத்தை என்று விவாதம் சுற்றியது. வருமானம் வரும் பருவத்தோடு தவணை பொருந்த வேண்டும் என்ற கடப்பாடு அதன் மையத்துக்கு வரவேயில்லை.

அப்படியொரு விதி அரச நிர்வாகத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. மத்திய வங்கி நடத்திவந்த புதிய விரிவான கிராமியக் கடன் திட்டத்தில் பயிர்ச்செய்கைக் கடன் போகத்தை அளவாகக் கொண்டே கொடுக்கப்படுகிறது. 270 நாட்களுக்குள், அறுவடைக்குப் பின் கட்டினால் போதும். ஆக நாட்காட்டி இருக்கிறது, அதற்குள் யார் நுழையலாம் என்பதில்தான் சிக்கல். காணியோ குத்தகையோ காட்டக்கூடிய, கமநலச் சேவை நிலையத்தில் பதிவான, கடன் தகவல் பணியகத்தின் (கிறிப்) அறிக்கையில் நிலுவை இல்லாத செய்கையாளருக்குரிய திட்டம் அது. வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும் இதே பிரதேசத்தில் வயலின் பதிவு பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. குத்தகைக்குச் செய்கிறவருக்குப் பல வேளைகளில் காட்ட ஒரு துண்டுக் கடிதமும் இருப்பதில்லை. கணவரை இழந்து, தந்தையின் வயலைக் குத்தகைக்கு விட்டோ தானே செய்தோ வாழும் பெண், போகக் கடனின் படிவத்தில் விவசாயியாகத் தெரிவதில்லை. குழுக்கடனின் படிவத்தில் மட்டும் தொழில் முயற்சியாளராகத் தெரிகிறாள். கமநலப் பதிவேட்டில் அவளுடைய பெயரைச் சேர்க்கவும், வாய்மொழிக் குத்தகையைக் கிராம உத்தியோகத்தரின் சான்றோடு ஏற்கவும், போகக் கடனைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் வழங்கவும் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது. பிரதேச செயலக மட்டத்து விவசாயக் குழுக் கூட்டத்திலேயே தொடங்கக்கூடிய வேலை அது. வாவியில் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு அந்தப் போக நாட்காட்டியும் பொருந்தாது. கடற்றொழில் திணைக்களத்தின் பதிவை அடிப்படையாகக் கொண்டு அவர்களுக்கு வேறொன்றை வகுக்க வேண்டியிருக்கும்.